எபிரேய நாட்காட்டியும் ஆங்கிலத் தேதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026இல் யூதர்களின் பஸ்கா பண்டிகை ஏப்ரல் 2ஆம் தேதி வந்தது என்றால் 2027இல் ஏப்ரல் 22ஆம் தேதி வருகிறது. யூதப் புத்தாண்டு 2026இல் செப்டம்பர் 12. அடுத்த ஆண்டு அக்டோபர் 2. வேதாகமத்தை ஊன்றி வாசிப்பவர்கள், இஸ்ரேலில் வேலைக்குப் போனவர்கள், யூத நண்பர்கள் உள்ளவர்கள் என்று பலரும் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பண்டிகைகள் ஏன் வருடத்துக்கு ஒரு தேதியில் வருகின்றன? உண்மையில் அவற்றின் தேதி மாறுவதே இல்லை. பஸ்கா என்றைக்கும் எபிரேய நிசான் மாதம் 15தான், அன்றைக்கு வானத்தில் முழு நிலவுதான். நிலவைக் கணக்கில் எடுக்காத ஒரு நாட்காட்டியின் கட்டங்களில் வைத்துப் பார்ப்பதால்தான் நமக்கு அது ஓடுவதாகத் தெரிகிறது.

எபிரேய நாட்காட்டி முழுக்க முழுக்கச் சந்திரனை வைத்ததா?

இல்லை. மாதங்கள் சந்திரனுடையவை. வருடமோ சூரியனோடு கட்டிப்போடப்பட்டது. ஒவ்வொரு மாதமும் அமாவாசையை ஒட்டிப் பிறக்கும்; பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் 15ஆம் நாளில் தொடங்குவதும், எஸ்தரின் கதையை நினைவுகூரும் பூரீம் 14ஆம் நாளில் வருவதும் இதனால்தான்.

பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் சுமார் 354 நாள். சூரிய வருடம் 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் குறைவும். ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் துண்டு விழுகிறது. இதை அப்படியே விட்டால் பண்டிகைகள் பருவங்களை எல்லாம் சுற்றிவிட்டு வர சுமார் 33 ஆண்டுகள் ஆகும். இஸ்லாமிய நாட்காட்டி அதைத்தான் செய்கிறது. ரமலான் கோடையிலும் வரும், குளிரிலும் வரும். யூதர்களுக்கு அது இயலாது. உபாகமம் 16ஆம் அதிகாரம் பஸ்காவை ஆபிப் மாதத்தில் ஆசரிக்கச் சொல்கிறது. ஆபிப் (பிற்காலப் பெயர் நிசான்) என்பது வாற்கோதுமை கதிர்விட்டு முற்றத் தொடங்கும் வசந்த காலம். ஆக, நிலவும் தவறக்கூடாது, கதிரும் தவறக்கூடாது. இந்த நாட்காட்டியின் சிக்கல்கள் எல்லாமே இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் பிறந்தவை.

தமிழருக்கு இது புரியாத விஷயமல்ல. பொங்கல் சூரியனைப் பின்பற்றி ஜனவரி நடுவிலேயே நிற்கிறது. தீபாவளி சந்திரனைப் பின்பற்றி அக்டோபர், நவம்பருக்குள் முன்பின்னாக வருகிறது. யூதப் பண்டிகைகள் தீபாவளியின் வகை.

விடுபட்ட அந்த 11 நாளை எப்படி ஈடுகட்டுகிறார்கள்?

சேர்த்து வைத்து, ஒரு முழு மாதமாகக் கூட்டுகிறார்கள். 19 ஆண்டுகள் கொண்ட ஒரு சுற்றில் ஏழு ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதங்கள்: 3, 6, 8, 11, 14, 17, 19 ஆகியவை. கூடுதல் மாதம் எப்போதும் ஆதார் என்ற மாதத்தில்தான். அந்த ஆண்டுகளில் முதல் ஆதார் 30 நாள், இரண்டாம் ஆதார் 29 நாள். பூரீம் இரண்டாம் ஆதாரில் கொண்டாடப்படும்.

19 ஏன்? 235 சந்திர மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே நீளம். வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். பாபிலோனியர்கள் இந்தப் பொருத்தத்தை அறிந்து நாட்காட்டியில் பயன்படுத்தினார்கள். ஏதென்ஸின் மெத்தோன் கி.மு. 432இல் இதை அறிவித்ததால் அவர் பெயராலேயே இன்று உலகம் இதை அழைக்கிறது.

எபிரேய ஆண்டை 19ஆல் வகுத்து மீதி என்ன என்று பாருங்கள். 5784ஐ வகுத்தால் மீதி 8, அது நெட்டாண்டு, அதாவது பதின்மூன்று மாத ஆண்டு. 5787ஐ வகுத்தால் 11, அதுவும் நெட்டாண்டு. மீதி ஏதும் இல்லாவிட்டால் அது சுற்றின் பத்தொன்பதாம் ஆண்டு.

நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதமும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, முறை வேறு. பஞ்சாங்கத்தில் சூரியன் ராசி மாறாமலே ஒரு சந்திர மாதம் கழிந்தால் அது அதிக மாதம். எனவே அது வெவ்வேறு மாதங்களில் விழலாம். எபிரேய முறையில் கூடுதல் மாதத்துக்கு இடம் நிலையானது, ஆண்டு வரிசையும் நிலையானது. வானத்தைப் பார்க்கத் தேவையில்லை.

அப்படியானால் இது ஆரம்பத்திலிருந்தே கணக்குதானா?

ஆரம்பத்தில் கண்ணால் பார்த்தார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'ரோஷ் ஹஷானா' பகுதி இதை அவ்வளவு துல்லியமாக வர்ணிக்கிறது. இந்த நாட்காட்டி பற்றி ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் அதைத்தான் நான் சொல்வேன்.

மாதத்தின் 29ஆம் நாள் மாலையில் மக்கள் மேற்கு வானத்தைப் பார்ப்பார்கள். பிறையைக் கண்டவர்கள் எருசலேமுக்கு விரைவார்கள். அதற்காகச் சனிக்கிழமை ஓய்வுநாளை மீறிப் பயணம் செய்யவும் அனுமதி இருந்தது. அங்கே பேத் யாசேக் என்ற பெரிய முற்றத்தில் சாட்சிகள் கூடுவார்கள். அவர்களுக்குப் பெரிய விருந்து வைக்கப்படும், அடுத்த மாதமும் வரவேண்டுமே என்று. பிறகு நீதிமன்றம் இருவர் இருவராக அழைத்து விசாரிக்கும். பிறையைச் சூரியனுக்கு வடக்கே கண்டாயா, தெற்கே கண்டாயா? எவ்வளவு உயரத்தில் இருந்தது? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? நீதிமன்றத் தலைவரான ரப்பான் கமாலியேல் தன் மேல்மாடியில் பிறையின் வடிவங்களைப் பலகையிலும் சுவரிலும் வரைந்து வைத்திருந்தார். படிக்காத ஆளும் கைகாட்டிச் சொல்லலாம்: நான் பார்த்தது இப்படி இருந்தது என்று.

சாட்சி ஒத்துக்கொள்ளப்பட்டால் தலைவர் 'பரிசுத்தமாக்கப்பட்டது' என்பார். கூட்டம் அதையே இருமுறை திருப்பிச் சொல்லும். அந்த நாள் புது மாதத்தின் முதல் நாள். சாட்சி வரவில்லை என்றால் முந்தைய மாதத்துக்கு 30ஆம் நாள் சேரும்.

கூடுதல் மாதத்தையும் அப்போது நீதிமன்றமே தீர்மானித்தது. வாற்கோதுமை முற்றவில்லை, மரங்கள் காய்க்கவில்லை, மழையில் சாலைகளும் பாலங்களும் கெட்டுக் கிடக்கின்றன, பஸ்கா ஆடு சுடும் அடுப்புகள் இன்னும் காயவில்லை — இவை எல்லாம் மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் பதிந்து வைத்த காரணங்கள். ரப்பான் கமாலியேல் ஆலய மலையின் படியில் உட்கார்ந்து எழுத்தரிடம் சொல்லி எழுதிய கடிதம் ஒன்றும் அதில் இருக்கிறது: புறாக்கள் இளசாக உள்ளன, ஆட்டுக்குட்டிகள் வளரவில்லை, கதிர் முற்றவில்லை, ஆகவே இந்த ஆண்டுக்கு முப்பது நாள் சேர்த்தேன் என்பது அதன் சாரம். ஒரு வருடத்தின் நீளத்தை அடுப்பும் ஆட்டுக்குட்டியும் தீர்மானித்தன என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பண்டிகைக்கு வரப்போகும் மனிதர்களை நினைத்து எடுத்த முடிவு அது.

நீதிமன்றம் தவறான நாளை அறிவித்துவிட்டால்?

இதற்கும் மிஷ்னாவிலேயே பதில் இருக்கிறது. இரண்டு சாட்சிகள் வந்து, உரிய இரவில் பிறையைக் கண்டோம் என்றார்கள். மறுநாள் இரவில் பிறை தெரியவே இல்லை. ஆனாலும் கமாலியேல் அவர்களை ஏற்றுக்கொண்டு திஷ்ரி மாதத்தை அறிவித்துவிட்டார். ஒரு பெண் பிரசவித்தாள் என்று சாட்சி சொல்லிவிட்டு, மறுநாள் அவள் வயிறு நிறைந்திருந்தால் எப்படி நம்புவது என்று ஓர் அறிஞர் கேட்டார். ரபி யோசுவா அவர் பக்கம் நின்றார்.

திஷ்ரியின் பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவநிவாரண நாள். மாதப் பிறப்பில் ஒரு நாள் மாறினால் ஆண்டின் மிகப் புனிதமான நாளே மாறிப்போகும். கமாலியேல் யோசுவாவுக்கு ஆள் அனுப்பினார்: உம்முடைய கணக்குப்படி யோம் கிப்பூர் வருகிற நாளில் கைத்தடியும் பணமுமாக என்னிடம் வாரும். அவற்றைத் தொடுவதே அந்தப் புனித நாளை மீறுவதாகும். யோசுவா வேதனைப்பட்டார். ரபி அகிபா அவரைத் தேற்றினார்: பண்டிகைகளை நீங்கள் அறிவிக்க வேண்டும் என்றுதான் வேதம் சொல்கிறது, உரிய நேரமோ இல்லையோ, நீங்கள் அறிவித்த நாளே பண்டிகை.

யோசுவா தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டார். அறிவில் நீர் என் குரு, என் சொல்லை ஏற்றதால் நீர் என் சீடர் என்றார்.

வானவியலில் யோசுவாதான் சரியாக இருந்திருக்கக்கூடும். அப்படியும் ஒரு சமூகம் ஒரே நாளில் நோன்பு இருப்பது, சிலர் மட்டும் சரியான நாளில் இருப்பதைவிடப் பெரியது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எபிரேய நாட்காட்டி கடைசிவரை இந்த முடிவின் மேல்தான் நிற்கிறது.

வெளிநாட்டு யூதர்கள் ஏன் பண்டிகைகளை இரண்டு நாள் கொண்டாடுகிறார்கள்?

மாதம் பிறந்தது என்ற செய்தி போய்ச் சேர வேண்டுமே. முதலில் ஒலிவ மலையில் தீ மூட்டுவார்கள். அடுத்த மலையில் அதைப் பார்த்து இன்னொரு தீ, அதற்கடுத்த மலையில் இன்னொன்று, பாபிலோன் திசை வரைக்கும். சமாரியர்கள் பொய்த்தீ மூட்டிக் குழப்பியதால் அந்த முறை கைவிடப்பட்டு, தூதர்களை அனுப்பினார்கள் என்கிறது மிஷ்னா. தூதர் வந்து சேராத தூரத்தில் இருந்தவர்களுக்கு, போன மாதம் 29 நாளா 30 நாளா என்று தெரியாது. அதனால் இரண்டு நாளையும் பண்டிகையாக வைத்தார்கள்.

கணக்கு வந்த பிறகு சந்தேகம் தீர்ந்தது, ஆனால் வழக்கம் நிலைத்துவிட்டது. இன்றும் பஸ்கா இஸ்ரேலில் ஏழு நாள். வெளிநாடுகளில் மரபுவழி யூதர்களுக்கு எட்டு நாள். யோம் கிப்பூர் மட்டும் எங்கும் ஒரே நாள், இரண்டு நாள் பட்டினி கிடப்பது உடலுக்கு ஆகாது. புத்தாண்டு மாதத்தின் முதல் நாளிலேயே வருவதால் இஸ்ரேலிலும் அது இரண்டு நாள்.

கணக்கு முறைக்கு எப்போது மாறினார்கள்?

கி.பி. 358 அல்லது 359இல் இரண்டாம் ஹில்லேல் கணக்கை வெளியிட்டார் என்பது மரபு. ஆய்வாளர்கள் அதை ஒரே நாளில் நடந்த மாற்றமாகப் பார்ப்பதில்லை. இன்றைய விதிகள் பல நூற்றாண்டுகளில் படிப்படியாக நிலைத்தவை என்கிறார்கள். அதற்கு வலுவான சான்று 921–922இல் வெடித்த சண்டை. பாலஸ்தீனத்தின் ஆரோன் பென் மேயிர் ஒரு கணக்கு சொன்னார், பாபிலோன் அறிஞர்களும் அவர்களுக்காக வாதாடிய சாதியா காவோனும் வேறு கணக்கு சொன்னார்கள். 922இல் சிலர் ஞாயிற்றுக்கிழமையும் சிலர் செவ்வாய்க்கிழமையும் பஸ்காவைத் தொடங்கினார்கள். முடிவில் வென்றது பாபிலோன் பக்கம். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் தன் சட்டத் தொகுப்பில் முழுக் கணக்கையும் ஒழுங்காக எழுதி வைத்தார்.

அந்தக் கணக்கின் அடிப்படை என்ன?

ஒரே ஓர் எண்: 29 நாள், 12 மணி, 793 பகுதி. ஒரு மணி நேரத்தை 1080 பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதி மூன்றேகால் நொடிக்குச் சற்று அதிகம். அதாவது அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3⅓ நொடி. இன்றைய கருவிகள் காட்டும் சராசரிக்கும் இதற்கும் ஒரு நொடிகூட வித்தியாசமில்லை. தொலைநோக்கி இல்லாத காலத்து எண் இது. பாபிலோனிய, கிரேக்க வானவியலிலும் இதே அளவு காணப்படுகிறது. இன்றும் ஜெப ஆலயங்களில் மாதப் பிறப்புக்கு முந்தைய ஓய்வுநாளில் இந்தச் சராசரி அமாவாசையின் நேரத்தை, பகுதிகள் உட்பட, அறிவிக்கிறார்கள்.

வருடத்தின் நீளம் ஏன் அடிக்கடி மாறுகிறது?

5784ஆம் ஆண்டுக்கு 383 நாள். 5785க்கு 355. 5786க்கு 354. 5787க்கு 385. பார்ப்பதற்குத் தாறுமாறாக இருக்கிறது, ஆனால் பின்னால் தெளிவான காரணம் உண்டு.

யூதப் புத்தாண்டு ஞாயிறு, புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் தொடங்கவே கூடாது. புதன் அல்லது வெள்ளியில் தொடங்கினால் பத்தாம் நாளான யோம் கிப்பூர் வெள்ளியிலோ ஞாயிறிலோ விழும். ஓய்வுநாளும் யோம் கிப்பூரும் ஒட்டி வந்தால் இரண்டு நாள் தொடர்ந்து சமைக்க முடியாது, இறந்தவரை அடக்கம் செய்யவும் முடியாது. ஞாயிறில் தொடங்கினால் கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள் சனிக்கிழமையில் விழும். அன்று அலரிக் கிளைகளைத் தரையில் அடிக்கும் சடங்கு ஓய்வுநாளில் செய்யத்தக்கதல்ல. சராசரி அமாவாசை இந்தக் கிழமைகளில் வந்தால் புத்தாண்டைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தள்ளிப்போட்ட நாளை எங்காவது ஈடுகட்ட வேண்டும். அதற்காக ஹெஷ்வான், கிஸ்லேவ் என்ற இரண்டு மாதங்களை மட்டும் 29 அல்லது 30 நாளாக மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே சாதாரண ஆண்டு 353, 354, 355 நாள்; நெட்டாண்டு 383, 384, 385 நாள். நிசான் முதல் எலூல் வரை நீளம் மாறாது. எனவே பஸ்காவின் முதல் நாளிலிருந்து 163ஆம் நாள் புத்தாண்டு, எந்த ஆண்டானாலும்.

நாள் எப்போது தொடங்குகிறது?

சூரியன் மறையும்போது. 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' என்று ஆதியாகமம் ஒவ்வொரு படைப்பு நாளையும் மாலையிலிருந்து எண்ணுவதே ஆதாரம். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. எபிரேயத் தேதி அதற்குச் சில மணி நேரம் முன்பே மாறிவிடுகிறது. நாட்காட்டிகளில் பஸ்கா ஏப்ரல் 2 என்று போட்டிருந்தால், குடும்பம் பஸ்கா விருந்துக்கு உட்காருவது ஏப்ரல் 1 இரவு.

தேதி மாற்றும்போது பெரும்பாலும் பிழை வருவது இங்கேதான். பிறந்த நேரம் சூரியன் மறைந்த பிறகு என்றால் ஒரு நாள் கூட்ட வேண்டும். இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது 1948 மே 14, வெள்ளி, பிற்பகல் 4 மணிக்கு. பிரிட்டிஷ் ஆட்சி நள்ளிரவில் முடியவிருந்தாலும் ஓய்வுநாள் தொடங்கும் முன் அறிவிப்பு முடிய வேண்டியிருந்தது. அது ஐயார் 5, 5708. அன்று மாலை கழிந்து அறிவித்திருந்தால் ஐயார் 6 ஆகியிருக்கும்.

மாதப் பெயர்கள் எங்கிருந்து வந்தவை? முதல் மாதம் எது?

நிசான், ஐயார், சீவான், தம்மூஸ், ஆப், எலூல், திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ், தேபேத், சேபாத், ஆதார். இவை பாபிலோன் சிறையிருப்பிலிருந்து கொண்டுவந்த பெயர்கள். எஸ்தர், நெகேமியா, சகரியா புத்தகங்களில் இவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய பழைய பெயர்களில் ஆபிப், சீப், ஏத்தானீம், பூல் என்ற நான்கு மட்டுமே வேதாகமத்தில் மிஞ்சியிருக்கின்றன. மற்ற இடங்களில் முதலாம் மாதம், ஏழாம் மாதம் என்று எண்தான்.

அந்த எண்ணிக்கையில் முதல் மாதம் நிசான், எகிப்திலிருந்து வெளியேறிய மாதம். வருட எண் மாறுவதோ ஏழாவது மாதமான திஷ்ரியில். மிஷ்னா நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது: அரசர்களுக்கும் பண்டிகைகளுக்கும் நிசான் 1, கால்நடைத் தசமபாகத்துக்கு எலூல் 1, வருடங்களுக்குத் திஷ்ரி 1, மரங்களுக்குச் சேபாத் 15. நம் ஊரில் பள்ளி ஆண்டு ஜூனிலும் நிதியாண்டு ஏப்ரலிலும் தொடங்குவதில் யாருக்கும் குழப்பம் இல்லை; அங்கும் அப்படியே.

5786 என்ற எண் எதிலிருந்து வருகிறது?

வேதாகமத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டி உலகப் படைப்பிலிருந்து எண்ணியது. தொடக்கம் கி.மு. 3761. ஜனவரி முதல் யூதப் புத்தாண்டு வரை ஆங்கில ஆண்டோடு 3760ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு 3761ஐ. 2026இன் பெரும்பகுதி 5786. செப்டம்பர் 11 மாலையிலிருந்து 5787.

எழுதுவது எழுத்துகளால். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு. 5786ஐத் தாவ், ஷின், பே, வாவ் என்று எழுதுவார்கள்: 400, 300, 80, 6. ஐயாயிரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம். 15ஐயும் 16ஐயும் மட்டும் 10+5, 10+6 என்று எழுதாமல் 9+6, 9+7 என்று எழுதுவார்கள். இல்லாவிட்டால் கடவுளின் திருப்பெயரின் எழுத்துகள் வந்துவிடும்.

ஆதாரில் பிறந்தவர்களுக்குப் பிறந்தநாள் எப்போது?

நெட்டாண்டு அல்லாத ஆண்டில் ஆதாரில் பிறந்தவருக்குப் பதின்மூன்றாம் வயது நெட்டாண்டில் வந்தால், இரண்டாம் ஆதாரில். சுவையான கணக்கு இதற்கு மறுபக்கம் இருக்கிறது. 2024 மார்ச் 9ஆம் தேதி பகலில் ஒரு பையன் பிறந்தான், முதல் ஆதார் 29. இரண்டு நாள் கழித்து மார்ச் 11 பகலில் இன்னொருவன் பிறந்தான், இரண்டாம் ஆதார் 1. பதின்மூன்று வருடம் கழித்து வரும் 5797இல் ஒரே ஓர் ஆதார்தான். பின்னால் பிறந்தவனுக்கு ஆதார் 1இல் வயது நிறைகிறது. முன்னால் பிறந்தவன் ஆதார் 29 வரை, 28 நாள், காத்திருக்க வேண்டும். யூதச் சட்ட நூல்களில் இது வேடிக்கைக்காக எழுதப்பட்டதல்ல. அந்த வயதில்தான் ஒருவன் கட்டளைகளுக்குப் பொறுப்பாளி ஆகிறான்.

என் ஆங்கிலப் பிறந்தநாளும் எபிரேயப் பிறந்தநாளும் சேர்ந்து வருமா?

19 வயது, 38, 57 என்று 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை சேரும், அல்லது ஓரிரு நாள் தள்ளி நிற்கும். திஷ்ரி 1 என்பது 1987இல் செப்டம்பர் 24, 2006இல் செப்டம்பர் 23, 2025இல் மறுபடி செப்டம்பர் 23.

இஸ்ரேலில் அன்றாடம் எதைப் பயன்படுத்துகிறார்கள்?

சம்பளம், பேருந்து, மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் நடைமுறையில் ஆங்கிலத் தேதிதான். விடுமுறைகளும் நினைவுநாள்களும் எபிரேயத் தேதிப்படி. சுதந்திர தினம் ஐயார் 5. ஓய்வுநாளோடு மோதாதபடி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அரசுக் கடிதங்களில் எபிரேயத் தேதியும் இருக்க வேண்டும் என்று 1998இல் சட்டம் வந்தது. இறந்தவர்களின் ஆண்டு நினைவை, மதத்தில் அவ்வளவு பிடிப்பில்லாத குடும்பங்கள்கூட எபிரேயத் தேதியில் வைப்பது உண்டு.

யூத வழிபாட்டில் சூரியத் தேதியைப் பின்பற்றும் எதுவும் இல்லையா?

இரண்டு உண்டு. ஒன்று மழை வேண்டுதல். இஸ்ரேலில் ஹெஷ்வான் 7 முதல் தினசரி ஜெபத்தில் மழை கேட்கிறார்கள். கூடாரப் பண்டிகை முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் தொடங்க வேண்டும். எருசலேமுக்கு வந்த கடைசி யாத்திரிகர் நனையாமல் யூப்ரத்தீஸ் ஆற்றை அடையட்டும் என்பது மிஷ்னா தரும் காரணம். வெளிநாடுகளிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலிருந்து அறுபதாம் நாள் என்று சூரியனை வைத்து எண்ணுகிறார்கள். இப்போது அது டிசம்பர் 4 மாலை. அடுத்த ஆங்கில ஆண்டு லீப் ஆண்டாக இருந்தால் டிசம்பர் 5 மாலை.

மற்றொன்று சூரியனுக்கான ஆசீர்வாதம். படைப்பின்போது இருந்த இடத்துக்குச் சூரியன் அதே கிழமையில், அதே நேரத்தில் திரும்புவதாக 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை சொல்லப்படும் ஜெபம். கடைசியாக 2009 ஏப்ரல் 8 காலை. இனி 2037 ஏப்ரல் 8.

இரண்டுக்கும் அடிப்படை 365¼ நாள் என்ற பழைய ஜூலியன் நீளம்தான்.

இரண்டு நாட்காட்டிகளுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா?

ஏழு நாள் வாரம். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாள்களை நீக்கியபோது அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. தேதி குதித்தது, கிழமை குதிக்கவில்லை.

இது பின்னாளில் ஆபத்துக்கு உள்ளானது. ஒவ்வொரு ஆண்டும் ஒரே கிழமையில் தொடங்கும்படி, எந்த வாரத்திலும் சேராத ஒரு வெற்று நாளை ஆண்டின் இறுதியில் வைக்கலாம் என்ற திட்டங்கள் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் முன் வந்தன. அதை ஏற்றிருந்தால் ஓய்வுநாள் ஆண்டுக்கு ஆண்டு வேறு கிழமைக்கு நகர்ந்து, வேலைநாள்களின் நடுவில் விழுந்திருக்கும். பிரிட்டனின் தலைமை ரபி ஜோசப் ஹெர்ட்ஸ் 1931இல் ஜெனீவா மாநாட்டுக்குப் போய் எதிர்த்து நின்றார். திட்டம் நிறைவேறவில்லை. நாட்காட்டிச் சீர்திருத்தம் பேசுபவர்கள் இந்த எதிர்ப்பைப் பிற்போக்கு என்று சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. அச்சிடுவதற்கு வசதியான அட்டவணையைவிட, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அறுபடாமல் வந்த எண்ணிக்கை பெரியது.

கிழக்கே போனால் ஓய்வுநாள் எது?

1941இல் இது உயிருள்ள கேள்வியாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகரில் ஒதுங்கியிருந்த அகதி மாணவர்களும் ஆசிரியர்களும், யோம் கிப்பூர் எந்த நாள் என்று எருசலேமைக் கேட்டார்கள். உலகத் தேதிக்கோடு பசிபிக்கின் நடுவில் வகுக்கப்பட்டது. ஆனால் யூதச் சட்டப்படி அந்தக் கோடு எங்கே? பாலஸ்தீனத்தின் தலைமை ரபி ஹெர்ட்ஸோக் கூட்டிய அவை, உள்ளூர்க் கணக்குப்படி புதன்கிழமை என்றது. ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட பேரறிஞரோ, புதன்கிழமை சாப்பிடுங்கள், வியாழக்கிழமை நோன்பிருங்கள் என்று தந்தி அடித்தார். இரண்டு நாளும் பட்டினி கிடந்தவர்களும் உண்டு.

எல்லா யூதர்களும் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்களா?

மிஷ்னா, தல்மூத் மரபை ஏற்காத யூதப் பிரிவினரான காராய்ட்டுகள் இன்றும் பிறையைக் கண்ணால் பார்ப்பதை வலியுறுத்துகிறார்கள். அவர்களில் பலர் இஸ்ரேலின் வயல்களில் வாற்கோதுமைக் கதிரைப் பார்த்துத்தான் ஆண்டைத் தொடங்குகிறார்கள். சமாரியர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு.

ஈஸ்டரும் பஸ்காவும் சில ஆண்டுகளில் ஏன் ஒரு மாதம் விலகி நிற்கின்றன?

கி.பி. 325இல் நிசேயா சங்கம் கூடியபோது, யூதர்களின் கணக்கைச் சாராமல் எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் ஈஸ்டரைக் கொண்டாட வேண்டும் என்று முடிவானது. பின்னர் நிலைத்த விதி: மார்ச் 21இல் அல்லது அதன் பின் வரும் முதல் பௌர்ணமியை (திருச்சபையின் கணக்குப்படி) அடுத்த ஞாயிறு. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு கணக்கும் ஒரே பௌர்ணமியைப் பிடிக்கின்றன. 19 ஆண்டுச் சுற்றின் 8, 11, 19ஆம் ஆண்டுகளில் மட்டும் யூதக் கணக்கு அடுத்த பௌர்ணமிக்குப் போய்விடுகிறது. 2016இல் ஈஸ்டர் மார்ச் 27, பஸ்கா விருந்து ஏப்ரல் 22 இரவு. 2024இல் மார்ச் 31, ஏப்ரல் 22 இரவு. 2027இல் மார்ச் 28, ஏப்ரல் 21 இரவு. புனித வாரத்தின் பெரிய வியாழனையும் பஸ்காவையும் சேர்த்தே நினைக்கும் கிறிஸ்தவர்களுக்கு இந்த ஆண்டுகள் வியப்பாக இருக்கும். ஆனால் இது அச்சுப்பிழை அல்ல.

கடைசியில் எது துல்லியமானது?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிலவை அளந்தால் ஆங்கில நாட்காட்டி போட்டியிலேயே இல்லை. அதன் மாதங்களுக்கும் நிலவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சூரியனை அளந்தால் அதுதான் முன்னால். 400 ஆண்டுகளில் 97 லீப் ஆண்டுகள் வைத்து அது எட்டிய சராசரி 365.2425 நாள், ஒரு நாள் பிசக சுமார் மூவாயிரம் ஆண்டுகள் ஆகும்.

எபிரேய ஆண்டின் சராசரி 365.2468 நாள். சூரிய ஆண்டைவிட ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதனால் சுமார் 216 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பஸ்கா கோடையை நோக்கி நகர்கிறது. கணக்கு நிலைத்த காலத்திலிருந்து இதுவரை ஒரு வாரத்துக்கு அருகில் நகர்ந்துவிட்டது. 8, 11, 19ஆம் ஆண்டுகளில் பஸ்கா ஒரு பௌர்ணமி பிந்துவது இந்த நகர்வின் விளைவுதான். இப்படியே விட்டால் பல ஆயிரம் ஆண்டுகளில் பஸ்கா வசந்தத்தைவிட்டு வெளியேறிவிடும்.

திருத்துவது எளிது. நெட்டாண்டு வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஆனால் திருத்தும் அதிகாரம் உள்ள நீதிமன்றம் இன்று இல்லை. மரபின்படி மாதத்தையும் ஆண்டையும் பரிசுத்தமாக்கும் உரிமை முறைப்படி நியமனம் பெற்ற சன்ஹெத்ரின் என்ற உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. அந்த நியமனத் தொடர் பழங்காலத்திலேயே அறுந்துபோனது. ஏதாவது ஒரு நாட்டின் ரபிகள் கூடிச் சரிசெய்தால், நியூயார்க்கில் ஒரு நாளும் எருசலேமில் ஒரு நாளுமாக யோம் கிப்பூர் வரும். 922இல் அப்படி ஒருமுறை நடந்ததை அவர்கள் மறக்கவில்லை. எனவே பிசகு தெரிந்தே, எல்லோரும் ஒரே கணக்கில் நிற்கிறார்கள்.